கோடு தாண்டிய வீக்கம்

டாக்டர், நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. சிரித்தீர்கள்.

காலனி சங்கத்துக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டருக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம், விழா மலர் போடுகிறோம், 'என்னால் மறக்க முடியாத மனிதர்' என்று நாலு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். உங்களைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார்கள். எழுதலாம். மேற்குத் தாம்பரத்தில் முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு ஊசி போட்டது நீங்கள்தான். என் மூத்த பெண்ணுக்கு டைபாய்டு வந்தபோது பிழைக்க வைத்ததும் நீங்கள்தான். இதை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கோபமே அதனால்தான். ஒரு போலி டாக்டர் சிரித்திருந்தால் காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

என்னால் மறக்க முடியாத மனிதர் நீங்கள் இல்லை. எங்கள் வரிசை வீட்டில் எனக்கு அடுத்த வாசலில் குடியிருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பெயரை எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நான் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். நறுக்காக எழுதத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கறுத்த, நெடிய ஆள். கழுத்தில் விசில் தொங்கும். வெள்ளைக் கால்சட்டையை எந்த நேரமும் இஸ்திரி போட்டே வைத்திருப்பார். சட்டைப் பையில் ஒரு காப்பியிங் பென்சில் இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழுமே, சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாதே, அந்தப் பென்சில். அவர் அதை எழுதுவதற்கு வைத்திருக்கவில்லை. வீக்கத்துக்கு வைத்திருந்தார்.

பையன் விழுந்து கணுக்கால் வீங்கினால் உடனே பென்சிலை நாக்கில் தொட்டு, வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கே சுற்றிக் கோடு போடுவார். நிழலில் உட்கார வைப்பார். பீரியட் முடிந்ததும் வந்து குனிந்து பார்ப்பார். வீக்கம் கோட்டுக்குள் நின்றிருந்தால், "போடா, போய் தண்ணி குடி" என்பார். கோட்டைத் தாண்டியிருந்தால் ஒரே வார்த்தைதான்: "கெளம்பு." பையனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு உங்கள் டிஸ்பென்சரிக்கு மிதிப்பார். தலைமை ஆசிரியர் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. எங்கள் வரிசையில் யாருக்கு எது வீங்கினாலும் அவர்தான். என் பெண்டாட்டியைக் குளவி கொட்டியபோது ஓடி வந்தார். ஆனால் பெண் பிள்ளை கையைத் தொட அவருக்குக் கூச்சம். பென்சிலை என்னிடம் நீட்டி, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ போடு மச்சான்" என்றார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே எல்லோரும் அவருக்கு மச்சான்தான்.

"இன்னா சார், குளவி கொட்னதுக்குப் போய் இவ்ளோ பேஜாரா? சுண்ணாம்பு தடவுனா அமுங்கிப்பூடும்" என்றேன்.

"வூட்ல உக்காந்துகினு தடவிகினு இருந்தா வீக்கம் கேக்குமா மச்சான்? அதுக்குக் காது கீதா?"

ஊரில் அவருக்கு வீக்க வாத்தியார் என்று பெயர். அவருக்கும் அது தெரியும். கோபப்பட மாட்டார்.

கமர்கட் கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பையன் கன்னம் புடைத்திருந்தது. இவர் கன்னத்தில் ஊதாக் கோடு போட்டு, பதறிப்போய் உங்களிடம் கொண்டுவந்தார். நீங்கள் வாயைத் திறக்கச் சொன்னீர்கள். உள்ளே முழுசாக ஒரு கமர்கட். டிரில் பீரியடில் தின்றால் அடி விழும் என்று பையன் வாயைத் திறக்காமலே வந்திருக்கிறான். பெஞ்சில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "கமர்கட்டா இருந்தா நல்லதுதானே சார். இல்லாம இருந்தா?"

இல்லாமலும் ஒரு தடவை இருந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் பையன்களை ஓடவிட்டபோது ஒருவன் காலில் முள் குத்தியது என்றான். கோடு போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீக்கம் கோட்டைத் தாண்டியது. கூட வந்த வாத்தியார், "முள்ளுதானே, விடுங்க" என்றார். இவர் விடவில்லை, உங்களிடம் கொண்டுவந்தார். அது பாம்பு. அந்தப் பையன் இன்றைக்குப் படப்பை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் மாஸ்டரைப் பற்றித்தான் விசாரிப்பான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பள்ளிக்கூடத்துப் பந்துகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பார். தடித்த ஊசி, மெழுகு தடவிய நூல். எங்கள் வாசல் முழுக்க காற்றுப் போன பந்துகள் கிடக்கும். "கிழிசலைப் பார்த்த அன்னிக்கே தைச்சுடணும் மச்சான். நாளைக்குன்னா உள்ள இருக்கற ரப்பர் பிளாடர் வெளிய பிதுங்கிடும். அப்பறம் எந்தக் கொம்பன் தைச்சாலும் பந்து கோணலாத்தான் ஓடும்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கல்யாணம் ஆனது. கொஞ்சம் வயதாகித்தான் ஆனது. பெண் செங்கல்பட்டுப் பக்கம். சத்தம் போட்டுச் சிரிக்கிற பெண். வந்த புதிதிலேயே என் வீட்டுக்காரியிடம், "எனக்குத் தலைவலின்னு சொன்னேன்க்கா. பென்சிலைத் தேடறாரு" என்று சொல்லிக் குழாயடியில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைப் பார்த்தால் வெற்றிலையும் பாக்கும் மாதிரி இருக்கும்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஷெட்டில் விரல் நசுங்கிக் கட்டு மாற்ற உங்கள் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்தார். வேலை நாளில் அவரை வேட்டியில் அன்றுதான் பார்த்தேன். காலை அகட்டி அகட்டி நடந்தார். முகமெல்லாம் வியர்வை.

"இன்னா சார், ஸ்கூலு இல்லியா?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

பையன்களைக் கொண்டுவரும்போது வரிசையை இடித்துக்கொண்டு நேரே உங்கள் மேசைக்குப் போகிறவர், அன்றைக்குச் சுவரோரமாக நின்றார். உட்காரவில்லை. தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் போகச் சொன்னார். கைக்குழந்தைக்காரி போனாள், இருமல் கிழவர் போனார். பெண் பிள்ளைகள் எல்லோரும் போய்விடட்டும் என்று காத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உள்ளே இன்னும் இரண்டு பெண்கள் மருந்துக்காக நின்றார்கள். அவர்கள் போகிற வழியாக இல்லை. கடைசியில் நீங்களே கூப்பிட்டீர்கள்.

உங்கள் மேசைக்கும் எங்கள் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை உண்டு. அதை யாரும் இழுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அது சுருண்டு ஓரமாகத்தான் கிடந்தது.

அவர் குனிந்து ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் குரல் கேட்டது.

"என்ன மாஸ்டர், சத்தமா சொல்லுங்க. எங்கே வீக்கம்?"

அவர் இன்னும் குனிந்தார்.

"கோடு போட்டீங்களா?" என்றீர்கள். கம்பவுண்டர் களுக்கென்று சிரித்தான். கமர்கட் நாளிலிருந்து அவனுக்கு இவரைப் பார்த்தாலே சிரிப்பு. அவர் மறுபடி என்னவோ சொன்னார். கையால் ஒடிக்கிற மாதிரி ஒரு சைகை காட்டினார். அப்போதுதான் நீங்கள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தீர்கள்.

"கல்யாணம் ஆகி எத்தனை மாசம் மாஸ்டர்? இன்னும் ஹனிமூன் முடியலையா? மெதுவா, மாப்பிள்ளை, மெதுவா! வண்டி எங்கேயும் ஓடிப் போயிடாது."

கம்பவுண்டர் சிரித்தான். மருந்து வாங்க நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடினார்கள். விஷயம் தெரியாமலே பெஞ்சு முழுக்கச் சிரித்தது. "ரெஸ்ட் எடுங்க, சரியாப் போயிடும்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினீர்கள். உங்கள் நாற்காலி நகரவில்லை. எழுந்திருக்கவில்லை. வேட்டியை எடுக்கச் சொல்லவில்லை. அவர் வெளியே வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் போனபோது அந்தச் சிரிப்பைக் கிட்டத்தில் பார்த்தேன். அழுகிற குழந்தையின் வாய் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கும் தெரியும். கமர்கட்டைப் பார்த்துப் பார்த்து, இதுவும் கமர்கட் என்று நினைத்தீர்கள். ஆனால் பாம்பும் அவரிடமிருந்துதான் உங்களுக்கு வந்தது. அதை மறந்துவிட்டீர்கள்.

சாயங்காலத்துக்குள் உங்கள் வசனம் பஜாரில் இருந்தது. கம்பவுண்டர் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். சலூன்காரன் சைக்கிளில் போகிறவரைப் பார்த்து, "மெதுவா மாப்ளே, மெதுவா!" என்று கத்தினான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் சொன்னார். அப்புறம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பையன்களும் சொன்னார்கள். ஒருவனை இழுத்துப் போட்டு அடித்தாவது இருக்கலாம். அவர் விசிலை ஊதிவிட்டு நடந்தார்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பந்துகள் வாசலுக்கு வருவது நின்றது. அந்தப் பெண் குழாயடியில் சிரிப்பது நின்றது. ஸ்டேஷன் பக்கத்துச் சுவர்களில் ஒட்டியிருக்குமே, இன்ன லாட்ஜில், இன்ன தேதியில், பரம்பரை வைத்தியர் வருகிறார், வாலிபர்களே வருக என்று. அந்த வைத்தியனிடம் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவனும் பார்க்கவில்லை. நாடி பிடித்துவிட்டு, "சின்ன வயசுல செஞ்ச தப்பு" என்றான். சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லி எண்ணெய் கொடுத்தான். இவரும் தேய்த்தார். கிழிந்த இடத்தைத் தேய்த்தால் என்ன ஆகும்? வீட்டில் உட்கார்ந்து தடவினால் வீக்கம் கேட்குமா என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு தடவினார்.

மாதங்கள் போனபின் பெரம்பூரிலிருந்து அவர் அம்மா வந்தாள். பிள்ளை இளைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். மருமகள் வயிற்றைப் பார்த்தாள். வாசலில் நின்றுகொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"சிங்கம் மாதிரி இருந்தான் எம்புள்ள. இவ வந்தா, சீக்காளியா ஆயிட்டான். ஒரு புழு பூச்சி உண்டா? இவளெ இவங்கப்பன் வூட்லயே கொண்டுபோய்த் தள்ளு. போதும்."

அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவி வாயடைத்துப் போயிருப்பாள். புருஷனுக்காகச் சொல்லவில்லை. அவரும் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அவள் அப்பனுக்குச் சொல்லியனுப்பினார்கள். வந்து கூட்டிப்போகிற நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் அவள் என் வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

என் வீட்டுக்காரி நேரே என்னிடம் வந்தாள். "ஆம்பளைங்க வெக்கத்துல ஒரு பொண்ணு வாழ்க்கை போய்க்கினு கீது. நீ போய்க் கேக்குறியா, நான் போய்க் கேக்கட்டுமா?"

மைதானத்தில் போய்ப் பிடித்தேன். கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"சார், இன்னா ஆச்சுன்னு வாயால சொல்லு. எனக்குப் பாதி தெரியும்."

வெகுநேரம் கம்பத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். "ஒடிஞ்சுது மச்சான். சேர்ந்து இருக்கும்போது தவறிப்போய் வளைஞ்சுது. பென்சில் ஒடியற மாதிரி சத்தம். எனக்கும் கேட்டுது, அவளுக்கும் கேட்டுது. உடனே தொவண்டுபோச்சு. உயிர்போற வலி. கொஞ்ச நேரத்துல வீங்கி, கத்திரிக்கா மாதிரி ஊதாவா ஆயிடுச்சு."

"எலும்பே இல்லாத எடத்துல இன்னா சார் ஒடியும்?"

"அதத்தான் நானும் டாக்டரைக் கேக்கப் போனேன். கேக்க வுடல."

"இப்ப எப்படிக் கீது?"

"கோணிக்கிச்சு. உள்ள கட்டியாட்டம் ஒண்ணு கீது. வலிக்குது. எதுக்கும் ஆவல." அந்த நெட்டை உடம்பு கம்பத்தோடு சரிந்து உட்கார்ந்தது. "அவ போயிடட்டும் மச்சான். சின்னப் பொண்ணு."

"கெளம்பு" என்றேன். அவர் வார்த்தைதான்.

மறுநாளே ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர், அந்தப் பெண், நான். அங்கே அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர், நரைத்த தலை, கடுகடுத்த முகம். இவர் தயங்கியதைப் பார்த்ததும் சுற்றி நின்ற மாணவர்களை வெளியே போகச் சொன்னார். எழுந்துபோய்த் தன் கையாலேயே திரையை இழுத்தார். டாக்டர், அந்தத் திரை வளையங்கள் கம்பியில் ஓடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. உங்களிடமும் திரை இருந்தது.

அப்புறம் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். "என்ன வேலை?" என்று கேட்டார். டிரில் மாஸ்டர் என்றதும், "ஃபுட்பால் தெரியுமில்ல? உள்ளே பிளாடர், மேலே தோல். இதுவும் அப்படித்தான். ரத்தம் ரொம்பி வெறைப்பா இருக்கும்போது மேலுறை மெலிஞ்சு போயிருக்கும். அந்த நேரம் சட்டுனு வளைஞ்சா பட்டுனு கிழியும். எலும்பு இல்லேன்னாலும் முறிவுன்னுதான் நாங்க சொல்றது. ரத்தம் வெளியே கசிஞ்சு வீங்கும். முன்னெல்லாம் ஐஸ் வெச்சுக் கட்டி விட்டுடுவாங்க. இப்போ உடனே தெறந்து, கட்டின ரத்தத்தைக் கழுவி, கிழிசலைத் தைச்சுடறோம். அனேகம் பேருக்குப் பழையபடி ஆயிடும். சிலருக்கு மூத்திரக் குழாயும் சேர்ந்து கிழியும். ஒண்ணுக்கு ரத்தமா வரும், இல்ல வராமலே நின்னுடும். அது இன்னும் அவசரம். உங்களுக்கு அது இல்லை, புண்ணியம்."

"இப்ப தைக்க முடியாதா சார்?" அந்தப் பெண்தான் கேட்டாள்.

"தானா ஆறி, தழும்பு தடிச்சுப்போச்சும்மா. அதுதான் இழுத்துக் கோண வைக்குது. தழும்பை எடுத்து நேராக்கப் பார்க்கறேன். முழுசா சரியாகும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது." பிறகு இவரைப் பார்த்துக் கேட்டார், "ஏன்யா, அன்னைக்கே வரக் கூடாதா?"

மாஸ்டர் பந்து தைக்கிற தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். விசிறிக்காற்று எட்டாத படுக்கை. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"மச்சான், கோடு போட்டேன்."

"இன்னா சார்?"

"அன்னிக்கி. பென்சிலால அடிவயித்துல, வீக்கம் முடியற எடத்துல கோடு போட்டேன். விடியறதுக்குள்ள தாண்டிடுச்சு. போனேன். நான் போனேன் மச்சான். உடனே போனேன்."

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

எல்லோரும் சொல்கிறார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள், ஜனங்களுக்கு அறிவில்லை என்று. நீங்களும் சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறீர்கள், 'நோயை மறைக்காதீர்கள்' என்று. அவர் மறைக்கவில்லை. பெண் கையைத் தொடக் கூசுகிற மனிதர், ஆயுளுக்கும் சேர்த்து வைத்திருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஒரு தடவை வந்தார். அந்த ஒரு தடவையை நீங்கள் வீணாக்கினீர்கள். மறு தடவைக்கு அவரிடம் தைரியம் மிச்சமில்லை.

அந்த டாக்டர் முடிந்ததைச் செய்தார். கோணல் கொஞ்சம் நிமிர்ந்தது, வலி குறைந்தது. மற்றது திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். அவள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமியார் திட்டத் திட்ட அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு விழா. என் மகன் ஓடுகிறான் என்று போயிருந்தேன். நீளம் தாண்டுகிற இடத்தில் ஒருவன் கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு பார்க்கும்போதே புடைத்தது. பிள்ளைகள், "சார், சார்!" என்று அவரிடம் ஓடினார்கள். அவர் பந்தலில் நாற்காலியில் இருந்தார். பையில் பென்சில் இருந்தது, நான் பார்த்தேன். அவன் கையை ஒரு தரம் பார்த்தார்.

"தானா சரியாப் போயிடும். போய் உக்காரு."

பையனை என் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். எலும்பு முறிந்திருந்தது. உங்களிடம்தான் கொண்டுவந்தேன், நீங்கள்தான் கட்டுப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். "எங்கே உங்க வீக்க வாத்தியார்?" என்று கேட்டீர்கள். எங்கே என்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் மேசைக்கு எதிரே அவர் ஒருநாள் நின்ற இடத்திலேயே அவர் முடிந்துபோனார். அதற்கப்புறம் நடமாடியது வேறு ஆள்.

கொஞ்ச நாளில் தெற்கே தூரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவர் எங்களிடம் வரவில்லை. முன்சீட்டில் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மட்டும் வந்தாள்.

"நாளைக்கு வேற யாருக்காவது இப்படி ஆச்சுன்னா சொல்லுங்கண்ணா. எல்லாத்தையும் சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம்."

"பேரு இல்லேன்னாலும் தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிடும்மா."

"தெரியட்டும்ண்ணா. தெரியாமதானே இவ்வளவும் ஆச்சு."

சொல்லவேண்டி வந்தது. எங்கள் ஷெட்டில் முடிச்சூரிலிருந்து வருகிற ஒரு ஃபிட்டர், கல்யாணமாகி வருஷம் ஆகவில்லை. ஒருநாள் காலை டூட்டிக்கு வந்து, காலை அகட்டிக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வியர்வை. எனக்கு அந்த வியர்வை தெரியும். "சத்தம் கேட்டுதா?" என்றேன். அவன் கண் விரிந்தது. "உனுக்கு எப்டித் தெரியும்ணா?" அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு, அப்படியே பட்டணத்துக்குப் போகிற பீச் வண்டியில் ஏற்றினேன். அதே ஆஸ்பத்திரி, அதே நரைத்த தலை டாக்டர். அன்றைக்கே தைத்தார். இப்போது அவனுக்கு ஒரு பெண் குழந்தை. பீச் வண்டியில் அவன் தோளில் தூங்கிக்கொண்டு வந்த அந்தக் குழந்தையைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மாஸ்டருக்கும் இவனுக்கும் காயம் ஒன்றுதான். இரண்டு பேரும் விடிந்ததும் வந்தார்கள். இவன் என்னிடம் வந்தான், அவர் உங்களிடம் வந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கட்டடத்தில் உங்களுக்கு மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள். கம்பவுண்டரும் பக்கத்தில் நிற்பான். இந்தக் கட்டுரையை மலரில் போடாமல் விட்டால், அச்சடித்து வாசலில் நின்று நானே கொடுப்பேன். ஏற்புரை சொல்ல மைக் உங்கள் கைக்கு வரும். எதிரே கல்யாணமான ஆண்கள், ஆகப்போகிற ஆண்கள், அவர்களைப் பெற்றவர்கள், எல்லோரும் இருப்பார்கள். முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்: அந்தச் சத்தம் கேட்டால், வலித்து வீங்கிக் கறுத்தால், எண்ணெய் தடவாதே, மறுநாளைக்கு என்று வைக்காதே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ, தைத்தால் சரியாகும் என்று. உங்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம் என் கேள்விக்கு வாருங்கள். அன்று காலை நீங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை? ஏன் அந்தத் திரையை இழுக்கவில்லை? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டாம். அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தீர்கள், டாக்டர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.